தண்ணீர்த் தொட்டியும் ஸ்டெப்னியும்

மச்சான்,

நேற்று கீழவாஞ்சூர் டயர்க்கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கடைக்காரர் முருகேசன் உள்ளே ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சூடான ரப்பர், கொஞ்சம் டீசல், அதற்கு மேல் நிலக்கரித் தூசி. மூக்கில் ஏறியதுமே எனக்கு உங்கள் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் மேலே சென்ட்டும் சோப்பும் இருக்கும், அடியில் மடித்து வைத்த உங்கள் வேலைச் சட்டை இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் அதில் இந்த வாசனை போகாது. சொந்தக்காரர்கள் எல்லாம் உங்கள் சென்ட்டை மெச்சினார்கள். எனக்குப் பிடித்தது அந்தச் சட்டைதான். அதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நான் எதற்கு டயர்க்கடைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். நம் வேனின் ஸ்டெப்னியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அதில் காற்று பிடித்துக் கொடுத்தால் வேனை விற்றுவிடலாம் என்று போனேன். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

இருபத்து மூன்று வருடம் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர் நீங்கள். உங்களோடு வந்தவர்கள் கடை வைத்தார்கள், மாடி எடுத்தார்கள். நீங்கள் ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்து மனையில் நிறுத்தினீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வேன். சீட்டுகளைக் கழற்றினீர்கள், கட்டில் போட்டீர்கள், ஒற்றை அடுப்பு வைத்தீர்கள், தலைக்கு மேலே அலமாரி அடித்தீர்கள். அதற்குப் பேப்பர் வாங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தீர்கள். தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன பாய், சினிமாக்காரங்க கேரவன் மாரி இருக்கு, ஹீரோயின் யாரு?" என்று ஒருவர் கேட்டதற்கு, கூச்சமே இல்லாமல் ஜன்னலில் நின்ற என்னைக் கை காட்டினீர்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன். அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன்.

இத்தனையும் ஒரு மலைக்காகத்தான். எனக்கு ஐம்பத்தாறு வயது. கடலைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண், மலையைப் பார்த்ததே இல்லை. நம் ஊரில் ஆற்றுப்பாலத்து ஏற்றம்தான் உயரமான இடம். போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் கொல்லிமலையை ஆரம்பித்துவிடுவீர்கள். "எழுவது வளைவு இருக்கு புள்ள. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே ஏறுவோம். மேல போயி பின்கதவ தொறந்து வச்சிக்கிட்டு, உக்காந்து டீ குடிப்போம்." நானும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவளைப் போல் ஊங்கொட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி ஏறக்குறைய முடிந்த நேரத்தில்தான் நமக்குள் சண்டை வந்தது. வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் இருந்ததே ஒரே ஒரு இடம். அதில் ஏற்கெனவே ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கே தண்ணீர்த் தொட்டி வேண்டும்.

"ஸ்டெப்னி இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன்" என்றீர்கள். பாலைவனத்துச் சாலையில் டயர் வெடித்து, மாற்று டயர் இல்லாமல், டிரெய்லர் நிழலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்த கதையைப் பத்தாவது தடவையாகச் சொன்னீர்கள். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். சோறு இல்லாமக்கூட போவேன், ஸ்டெப்னி இல்லாம போவ மாட்டேன்."

"அஞ்சு நேரமும் தொழுவுறதுக்கு நான் எங்க போயி கை கால் கழுவி ஒளு எடுக்கிறது? ஒங்களுக்குப் போற வழியெல்லாம் பள்ளிவாசல். எனக்கு? பெட்ரோல் பங்கு பாத்ரூமுலயா?"

"குடத்துல எடுத்துக்கயேன்."

"குடத்து மூடியத் தொறந்தா வண்டி குலுங்குறதுல ஒங்க கட்டில்தான் ஒளு எடுக்கும்."

நீங்கள் சிரித்துவிட்டு, உடனே சுதாரித்துக்கொண்டு, பள்ளிவாசலில் உபதேசம் செய்யும் ஆலிம்சா மாதிரி விரலை நீட்டினீர்கள். "தண்ணி இல்லாட்டி தயம்மும் செஞ்சிக்கலாம், மண்ணத் தொட்டு மொகத்துலயும் கையிலயும் தடவிக்கிட்டுத் தொழலாம். தண்ணிக்கு மார்க்கத்துலயே ஸ்டெப்னி குடுத்திருக்கு. டயருக்கு யாரு குடுத்திருக்கா?"

நல்ல பேச்சுத்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தண்ணி இருந்தும் வச்சிக்க மாட்டேன்னு சொல்றவங்களுக்குத் தயம்மும் கெடையாது. இருபத்தி மூணு வருசமா ஒங்க எடத்துல ஒரு போன வச்சிக்கிட்டு இருந்தேன் மச்சான். எனக்குன்னு ஒரு தொட்டி கேட்டா தகராறு பண்றீங்க" என்றேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குள் ஸ்டெப்னி கீழே இறங்கி, தொட்டி ஏறிவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைக்கவில்லை.

இறங்கிய ஸ்டெப்னியைக் கொல்லையில் சலவைக்கல்லுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தீர்கள். போகும்போதும் வரும்போதும் அதைத் தட்டிக் கொடுப்பீர்கள். "பல்லப் பாரு, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். இப்புடிப்பட்டத வெளியில போட்டுட்டு வர்றேன் பாத்தியா?" அடுப்படியில் இருக்கும் என் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகச் சொல்வீர்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. விலை குறைவு என்று எல்லோரையும் போல நம் ஊரிலேயே டீசலை நிரப்பிக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டினோம். தஞ்சாவூர் தாண்டியதும் மண் சிவப்பாக மாறியது, சாலை கொஞ்சம் மேலே ஏறி இறங்கியது. "மலை வந்துடுச்சா?" என்று கேட்டேன். "இது மேடு புள்ள" என்றீர்கள். அடுத்த ஏற்றத்துக்கும் கேட்டேன். "இதுவும் மேடுதான்." மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தேன், முன்பக்கத்து இடது டயர் வெடித்தது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, மெதுவாக, ஒரு புளியமரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். இருபத்து மூன்று வருடம் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இறங்கிப் போய்க் குனிந்து டயரைப் பார்த்தீர்கள். அப்புறம் தொட்டியைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அதோடு போயிருக்கும். நீங்கள் சும்மா இருந்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையாய்ப் போனதால் கூப்பிட்ட இடத்திலெல்லாம் கடை பூட்டியிருந்தது. நம் அளவு டயர் தேடிக் கிடைத்து ஒருவர் பைக்கில் கட்டிக் கொண்டுவருவதற்குள் சாயந்திரம், அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் மரத்தடிதான். நான் தொட்டிக் குழாயைத் திறந்து ஒளு எடுத்தேன். நீங்களும் வந்து கையை நீட்டினீர்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தண்ணீர் கேட்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள், ஆடுகளும் வந்தன. அப்போதுதான் உங்கள் முகம் இளகியது. "ஸ்டெப்னி கொண்டாந்திருந்தா ஒரு ஆடுகூட திரும்பிப் பாத்திருக்காது. தண்ணிப்பந்தல் வச்சா எவ்ளோ கூட்டம் பாரு" என்றீர்கள். அந்த அம்மாள் சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த நாவல்பழத்தை என் கையில் கொட்டினார். வாயெல்லாம் ஊதாவாகிச் சிரித்தோம்.

வந்த டயர் பழையது. அதை மாட்டிக்கொண்டு நீங்கள் வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினீர்கள். "எவனோ ஓட்டுன டயர நம்பி ஒன்னய வச்சிக்கிட்டு மலை ஏற மாட்டேன். அடுத்த மாசம் போவலாம். மலை எங்க போவப்போவுது?" என்றீர்கள். வழியில் "நான்தான் மச்சான்..." என்று ஆரம்பித்தேன். "விடு புள்ள" என்று சொல்லி, ரேடியோ சத்தத்தைக் கூட்டினீர்கள்.

மலை எங்கும் போகவில்லை. பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்த நீங்கள்தான் போய்விட்டீர்கள். மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு இத்தா. நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்தேன். மற்றவர்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போகுமோ தெரியாது. எனக்கு அடுப்படி ஜன்னல் வழியே அந்த ஸ்டெப்னியைப் பார்ப்பதிலேயே போனது. மழை பெய்தால் அதன் குழிவில் தண்ணீர் நிற்கும், காகம் வந்து குடிக்கும். இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்தால் வேன், தார்ப்பாய் மூடி, காற்று இறங்கி நின்றுகொண்டிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரே கணக்கைப் போட்டேன். ஸ்டெப்னி இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் மாட்டியிருப்பீர்கள். அன்று மாலைக்குள் மலை ஏறியிருப்போம். நீங்கள் ஆசைப்பட்டபடி கதவைத் திறந்து வைத்து டீ குடித்திருப்பீர்கள். ஒரு தொட்டிக்காகப் பிடிவாதம் பிடித்து, உங்கள் வாழ்க்கையின் ஒரே ஆசையைக் கெடுத்தவள் நான். உங்களுக்காகப் பாத்திஹா ஓதும்போதும் இதுதான் மனதில் ஓடும். யாரிடமும் சொல்லவில்லை.

மகள் பர்வீன் கோவில்பத்திலிருந்து தினமும் ஆபீஸ் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். நான் வேனைப் பார்த்து அழுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வித்துடலாம் உம்மா. வாப்பா இல்லாத வண்டிய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறோம்?" என்றாள். சரி என்றேன். இத்தா முடிந்த மறுவாரம் கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். கட்டிலைத் தட்டினார், அலமாரியைத் திறந்தார், தொட்டியை மெச்சினார். கடைசியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டெப்னி எங்கம்மா? ஸ்டெப்னி இல்லாத வண்டிய எப்புடிம்மா எடுக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீங்களே அந்த ஆள் வாயில் வந்து கேட்ட மாதிரி இருந்தது. "இருக்கு, சனிக்கிழமைக்குள்ள காத்து புடிச்சி வைக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அப்படித்தான் நேற்று ஆட்டோவில் அதைக் கொண்டுபோனேன். முருகேசன் உங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் டயரை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார்.

"அம்மா, இதயா பாய் ஸ்டெப்னின்னு வச்சிருந்தாரு?"

"ஆமா தம்பி. ஓடாத டயரு. பல்லெல்லாம் புதுசா இருக்கே."

"ஓடுனாத்தானம்மா பல்லு தேயும்? பல்லு இருக்கு, ரப்பரு செத்துப்போச்சு." பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். தண்ணீர் வற்றிய குளத்துத் தரை மாதிரி வெடிப்பு வெடிப்பாக விரிந்தது. அப்புறம் ஓரத்தில் பொறித்திருந்த நாலு எண்களைத் துணியால் துடைத்தார். "இது எந்த வாரம், எந்த வருசம் செஞ்சதுன்னு இதுல இருக்கும். பதினோரு வருசமாச்சும்மா. சட்டத்துக்கு அடியில வெயிலுலயும் சேத்துலயும் சும்மா தொங்கியே பாழாப்போயிருக்கு. நானா இருந்தா இங்க இருக்கிற கோட்டுச்சேரிக்குக்கூட இத மாட்டிக்கிட்டுப் போவ மாட்டேன்."

"மலைக்கு?"

"மலைக்கா? நாலாவது வளைவு தாண்டாது. இது வெடிச்சா பாயி ஓட்டுனாலும் நிறுத்த முடியாதும்மா."

மச்சான், நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. நாலு லாரி டிரைவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். இருபத்து மூன்று வருடம் டயரோடு குடித்தனம் நடத்திய பெரிய மனிதர் நீங்கள். அங்கே கம்பெனிக்காரன் நாள் பார்த்து மாற்றிப் போட்ட டயரையே ஓட்டி ஓட்டி, நாலு எண்ணைப் படிக்க மறந்துவிட்டீர்கள். தினமும் தட்டிக் கொடுத்தீர்களே, அந்தக் கை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா? பல்லைக் கண்டு மயங்கிவிட்டீர்கள். இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி, நீங்கள் அசடு வழிவதைப் பார்த்து, ஒரு வாரம் கேலி செய்ய வேண்டும் போல இருந்தது. அதற்கு நீங்கள் இல்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. முருகேசன் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார்த்தார். நல்ல மனிதர்.

டீ ஆறுகிறவரை யோசித்தேன். என் பிடிவாதம்தான் உங்களைக் காப்பாற்றியது என்று பீற்றிக்கொள்ள வரவில்லை. உங்களுக்கு எழுதிய நாள் அந்த வெள்ளிக்கிழமை, அதை எந்த டயரும் மாற்றியிருக்காது. ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டெப்னி நம்மிடம் இருந்திருந்தால், எவனோ ஓட்டிய டயரை நம்ப மாட்டேன் என்ற நீங்கள், ஒருவரும் ஓட்டாத அதை நம்பி ஏறியிருப்பீர்கள். அது இல்லாததால் நாம் வீடு திரும்பினோம். எனக்குப் பதினோரு நாள் கிடைத்தது. அந்தப் பதினோரு நாளும் அஸருக்குப் பிறகு நீங்கள் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, எதிரே பக்கத்து வீட்டு மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தீர்கள். "மலைன்னு நெனச்சிக்க" என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். ஐந்து மாதமாக மலை கைவிட்டுப் போனதையே நினைத்து அழுதவளுக்கு, கிடைத்த இந்தப் பதினோரு சாயந்திரம் கண்ணில் படவே இல்லை. என் மேல் எனக்கே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு நெஞ்சில் இருந்த பாரமும் இறங்கிப்போனது.

"தம்பி, இதே அளவுல புது டயர் ஒண்ணு போடுங்க" என்றேன்.

"விக்கிற வண்டிக்கா?"

"விக்கல."

முருகேசன் நேர்மையான வியாபாரி. "இப்பல்லாம் நெறய பேரு ஸ்டெப்னி வைக்கிறதில்லம்மா. போன் பண்ணா ஆள் வந்துடுவான். எடமும் மிச்சம், வெயிட்டும் மிச்சம்" என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். செங்கிப்பட்டிக்கு முன்னால் அந்த மரத்தடியில் நாம் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை. ஆனாலும் எனக்கு வேண்டும். அந்த வண்டி முழுக்க எனக்காகக் கட்டினீர்கள். திரைச்சீலையின் நிறம் என்னுடையது, அடுப்பின் உயரம் என்னுடையது, தொட்டி என்னுடையது. நீங்கள் உங்களுக்கென்று கேட்டது அந்த ஒன்றுதான், அதையும் இறக்க வைத்தேன். அதனால் வாங்குகிறேன். பயத்தால் இல்லை.

எங்கே மாட்டுவது என்று கேட்டார். தொட்டியை எடுக்க மாட்டேன் என்றேன். பின்கதவில் கீல் வைத்து ஒரு கேரியர் அடித்தால், கதவைத் திறக்கும்போது டயரும் சேர்ந்து விலகிக்கொள்ளும் என்று சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார். அரைநாள் வேலையாம். நாம் இரண்டு பேரும் அத்தனை முட்டிக்கொண்ட சண்டைக்கு அரைநாள் வெல்டிங் போதுமாயிருந்திருக்கிறது. வண்டிக்கு அடியையே குனிந்து குனிந்து பார்த்தோமே தவிர, நிமிர்ந்து ஒரு தடவை பின்னால் பார்க்கத் தோன்றவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "புதுசுதானேன்னு சும்மா தொங்கவுடாதீங்கம்மா. ஆறு மாசத்துக்கு ஒருக்கா எறக்கி, ஓடுற சக்கரத்தோட மாத்திப் போடணும். ஸ்டெப்னியும் ஓடணும்." ஒவ்வொரு நோன்புக்கு முன்னாலும் ஒரு தடவை, ஹஜ்ஜுப் பெருநாள் தாண்டி மூன்றாவது மாதம் ஒரு தடவை என்று மனதில் குறித்துக்கொண்டேன். நாலு எண்ணைப் படிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டேன். இனி எந்த டயரைப் பார்த்தாலும் முதலில் வயதைத்தான் பார்ப்பேன்.

கும்பகோணத்துக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பர்வீனிடம் சொன்னேன். "யாரு உம்மா ஓட்டுவா?" என்று கேட்டாள். "நீ பள்ளிக்கூடம் போன பன்னெண்டு வருசம் யாரு ஓட்டுனா? வாப்பா போன்லயா ஓட்டுனாங்க?" என்றேன். நம் சின்னக் காரை ஓட்டியவளுக்கு இது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆபீசில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை விடியலில் பஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்புகிறோம்.

இன்று காலை முருகேசன் வந்து பாட்டரி போட்டு, நாலு சக்கரத்துக்கும் காற்று பிடித்துக் கொடுத்தார். வெல்டிங் கடைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் இருந்தவரை வேன் சாவியைத் தொட விட்டதில்லை என்பதால், முதல் தடவையாக டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். கிளச்சு எட்டவில்லை. நுனிக்கு நகர்ந்து பார்த்தேன், அப்போதும் கட்டைவிரல்தான் பட்டது. உங்கள் கால் நீளத்துக்குத் தள்ளி வைத்த சீட்டு அப்படியே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.

"தலவாணி வச்சிக்கிறீங்களா உம்மா?" என்று பர்வீன் மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் புரிந்திருந்தது. தலையணையை முதுகுக்கு வைத்தால் ஓட்டிவிடலாம், சீட்டு உங்களுடையதாகவே இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். எழுபது வளைவு இருக்கிறது, பக்கத்தில் மகள் இருக்கிறாள், பிரேக்கைச் சரியாக மிதிக்க வேண்டும். குனிந்து, அடியில் இருந்த கம்பியைத் தேடிப் பிடித்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் மச்சான், உங்கள் சீட்டை முன்னால் இழுத்துவிட்டேன்.